குதிக்கால் ஊசியும் கொல்லர் என்றொரு டொக்டரும்



வழமையாக எங்கள் புத்தாண்டு மலரின் இந்தப் பக்கத்தில் நாவலர், விபுலானந்த அடிகள் போன்ற பெரியார்களின் வாழ்க்கையைத்தான் எழுதுவார்கள். இம்முறை மலர்க்குழுத் தம்பிமார் என்னிடம் கேட்டபோது, நான் ஒரு கண் டொக்டரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னேன். அவர் தமிழரல்ல. எங்கள் நாட்டுப் பக்கம் வந்தவருமல்ல. இறந்து 80 வருடத்துக்கு மேலாகிறது. ஆனால் அவருடைய வேலையால் பயனடையாத வீடு எங்களுக்குள் ஒன்றும் இராது. பல்லுப் பிடுங்கப் போய் முரசில் விறைப்பூசி போட்டுக்கொண்டவர்கள், பிள்ளைப்பேற்றுக்கு முதுகில் ஊசி போட்டுக்கொண்ட தாய்மார், கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் புரை எடுத்த அப்பா அம்மாமார், எல்லோரும் அவருக்குக் கடமைப்பட்டவர்கள்தான். போன மாரிகாலத்தில் நானும் அந்த வரிசையில் சேர்ந்தேன்.

என்னுடைய கதை குதிக்காலில் தொடங்குகிறது. இந்த வின்டர்தூருக்கு வந்த நாள் முதல் எனக்குச் சமையலறை வேலை. 30 வருடத்துக்கு மேலாக, நாளுக்கு ஒன்பது பத்து மணித்தியாலம் கல்லுப் பதித்த தரையில் நின்ற கால்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருநாள் காலமை எழும்பி முதல் அடி வைத்தபோது குதிக்காலுக்குள் ஆணி ஏறினது போல ஒரு குத்து. கொஞ்சம் நடந்தால் குறையும். வேலை முடிந்து வந்து இருந்துவிட்டு எழும்பினால் திரும்பவும் குத்தும். சுவிஸ்காரர் இதைப் பேர்சன்ஸ்போர்ன், அதாவது குதிமுள் என்கிறார்கள். உண்மையில் முள்ளல்ல பிரச்சினை. குதி எலும்பிலிருந்து விரல்கள் பக்கம் போகிற தடித்த சவ்வு ஒன்று உள்ளங்காலில் இருக்கிறது. அது எலும்பில் பற்றியிருக்கும் இடத்தில் நைந்துபோவதுதான் நோவுக்குக் காரணம். எக்ஸ்றே படத்தில் முள் தெரிகிற பலருக்கு ஒரு நோவும் இருப்பதில்லை.

சப்பாத்துக்குள் தகடு வைத்தேன். காலை நீட்டி இழுக்கிற பயிற்சி செய்தேன், ஒழுங்காகச் செய்தேன் என்று சொன்னால் பொய். நோக்குளிசை போட்டுப்போட்டு வேலைக்குப் போனேன். கடைசியில் டொக்டர் ஊசி போடுவோம் என்றார். உள்ளங்காலில் ஊசி என்றதும் எனக்குக் குலை நடுங்கிப்போச்சு. அந்தத் தோல் தடிப்பு, அங்கே குத்தினால் உயிர் போகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் அந்த டொக்டர் பிள்ளை முதலில் குதியில் குத்தவில்லை. கணுக்காலின் உட்பக்க எலும்புக்குப் பின்னால், நாடி துடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மெல்லிசாக ஒரு ஊசி போட்டார். கால் மணித்தியாலத்துக்குள் குதியும் உள்ளங்காலும் விறைத்து, வேறு ஆருடையவோ கால் போலாகிவிட்டது. பிறகு குதிக்குள் இரண்டாவது ஊசி போனது எனக்குத் தெரியவே இல்லை. முடிந்துவிட்டது, எழும்பலாம் என்று சொன்னபோது நான் இன்னும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

இந்த விறைப்பு மருந்தை ஆர் கண்டுபிடித்தது என்று சும்மா கேட்டேன். கொல்லர் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொல்லன் தெருவில் ஊசி விற்காதே என்று எங்கள் ஊரில் சொல்லுவார்கள், இங்கே ஊசிக்கே மூலகாரணம் ஒரு கொல்லரா என்று. காள் கொல்லர் என்பது அவர் முழுப்பெயர். பிறகு நூலகத்திலும் மகனின் கம்பியூட்டரிலும் தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க, இவர் எங்களில் ஒருவர் போலத்தான் எனக்குப் பட்டது.

பிறப்பும் படிப்பும்

காள் கொல்லர் 1857 டிசம்பர் 3ஆம் திகதி, அப்போது ஒஸ்ரியப் பேரரசுக்குள் இருந்த பொஹீமியாவில், இன்று செக் நாட்டிலுள்ள சூஷிற்சே என்ற சிறு பட்டினத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1882இல் டொக்டரானார். பிறகு வியன்னாப் பெரியாஸ்பத்திரியில் இளம் டொக்டராக வேலை செய்தார். கையில் காசு இல்லை. ஒரேயொரு ஆசைதான் இருந்தது: கண் மருத்துவப் பிரிவில் உதவி டொக்டர் பதவி.

அந்தக் காலத்தில் கண் சத்திரசிகிச்சை எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஈதர் 1846இலும் குளோறபோம் 1847இலும் வந்துவிட்டன. ஆனால் இரண்டும் ஆளை முழுதாக மயக்குகிற மருந்துகள். கண்ணில் வெட்டும்போது நோயாளி விழித்திருந்து, டொக்டர் சொல்கிற பக்கம் பார்க்க வேண்டும். மயக்கம் தெளிந்ததும் சத்தி எடுத்தால் அந்த உக்கிரத்தில் கண்ணிலுள்ள புண் பிளந்துவிடும். ஆகவே பலருக்கு மயக்காமலே, பிடித்து அமத்திக்கொண்டு, விழித்த கண்ணில் கத்தி வைத்தார்கள். இதற்கு ஒரு வழி வேண்டும் என்று கொல்லரின் பேராசிரியர் ஆர்ல்ட் மாணவர்களுக்குச் சொல்லுவாராம். கொல்லர் அதை மனதில் வைத்துக்கொண்டார். மோபின், புரோமைட் என்று பலதையும் மிருகங்களின் கண்ணில் விட்டுப் பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை.

தவளையின் கண்

அதே ஆஸ்பத்திரியில் கொல்லருக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். பின்னாளில் மனநல வைத்தியத்தால் உலகப் புகழ் பெற்ற சிக்மண்ட் புரொய்ட்தான் அவர். தென்னமெரிக்க மலைகளில் ஆட்கள் சப்புகிற கோக்கா இலையிலிருந்து ஜேர்மன் இரசாயனவியலாளர் நீமன் 1860 அளவில் கொக்கேயினைப் பிரித்தெடுத்திருந்தார். 1884இல் புரொய்ட் அதைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். உடற்களைப்புக்கும் மனச்சோர்வுக்கும் அது நல்லது என்பது அவர் எண்ணம். தசைப்பலம் கூடுகிறதா என்று அளந்து பார்க்கக் கொல்லரையும் சேர்த்துக்கொண்டார். இடையில், வருங்கால மனைவியைப் பார்க்க ஜேர்மனிக்குப் பயணம் போய்விட்டார்.

அந்த நாட்களில் ஒருநாள், கொக்கேயினைச் சுவைத்த கூட்டாளி ஒருவர் நாக்கு விறைக்கிறது என்றார். நாக்கு விறைக்கிற விசயம் அதுக்கு முன்னமே பலருக்குத் தெரியும். அதைக் கண்ணோடு சேர்த்து நினைத்தவர் கொல்லர்தான். உடனே ஒரு துளி வெள்ளைத் தூளை எடுத்துக்கொண்டு பேராசிரியர் ஸ்ட்றிக்கரின் ஆய்வுகூடத்துக்கு ஓடினார். அங்கிருந்த கேர்ட்னர் என்ற உதவியாளர் ஒரு தவளையைப் பிடித்துக் கொடுத்தார். தூளைத் தண்ணீரில் கரைத்துத் தவளையின் ஒரு கண்ணில் விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கண்ணை ஊசியால் தொட்டும் தவளை அசையவில்லை. மற்றக் கண்ணைத் தொட்டதும் துள்ளியது. முயலில் பார்த்தார்கள், நாயில் பார்த்தார்கள். பிறகு தங்கள் கண்ணிலேயே விட்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று குண்டூசித் தலையால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. உலகத்தில் உள்ளூர் விறைப்பு மருந்து பிறந்த இடம் அதுதான். அப்போது கொல்லருக்கு வயது 26.

1884 செப்ரெம்பர் 15ஆம் திகதி ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் கண் மருத்துவர்களின் மாநாடு. கொல்லருக்கு அங்கே போக ரயில் காசு இல்லை. திரியெஸ்தே நகரிலிருந்து வந்த பிறெற்றவர் என்ற டொக்டரிடம் தன் சிறு கட்டுரையைக் கொடுத்துவிட்டார். அவர்தான் சபையில் அதை வாசித்துச் செய்தும் காட்டினார். சொந்தக் கண்டுபிடிப்பு உலகத்துக்குத் தெரியவந்த நாளில் கண்டுபிடித்தவர் அந்த மண்டபத்தில் இல்லை. ஒக்ரோபரில் வியன்னா மருத்துவர் சங்கத்தில் தானே விரிவாகப் பேசினார். சில கிழமைக்குள் செய்தி அமெரிக்கா வரை போய்விட்டது. பிரயாணத்தால் திரும்பி வந்த புரொய்ட்டுக்குப் புகழ் கைநழுவிவிட்டது. அவர் சிநேகிதரோடு கோபிக்கவில்லை. கொல்லருக்குக் கோக்கா கொல்லர் என்று பகிடிப்பெயரே வைத்தார். ஆனால் 1925இல் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதியபோது, அந்த நட்டத்துக்கு அந்தப் பயணத்தை, அதாவது மனைவியைக் காரணம் காட்டியிருக்கிறார். எல்லா நாட்டு ஆம்பிளைகளும் ஒன்றுதான் என்று என் மனிசி சொன்னா.

ஒரு அடி

புகழ் வந்தது, பதவி வரும் என்று கொல்லர் காத்திருந்தார். 1885 ஜனவரியில் ஆஸ்பத்திரியில் கடமையில் இருந்தபோது விரலில் காயப்பட்ட ஒருவர் வந்தார். அவருக்கு என்ன செய்வது என்பதில் கொல்லருக்கும் சின்னர் என்ற இன்னொரு டொக்டருக்கும் வாக்குவாதம் வந்தது. எல்லோருக்கும் முன்னால் சின்னர் அவரை யூதன் என்று சொல்லி இழிவாகப் பேசினார். கொல்லர் ஒரு அடி, கன்னத்தில். அந்தக் கால வழக்கப்படி விசயம் வாள்ச்சண்டையில் போய் நின்றது. இருவருமே இராணுவத்தின் பின்படை அலுவலர்கள். சண்டையில் சின்னருக்குத் தலையிலும் கையிலும் வெட்டு, கொல்லருக்கு ஒரு கீறலும் இல்லை. யூதச் சிநேகிதர்கள் பலர் வாழ்த்து அனுப்பினார்கள். ஆனால் வாள்ச்சண்டை சட்டப்படி குற்றம். அவர் ஆசைப்பட்ட உதவி டொக்டர் பதவியும் வரவில்லை.

அதே வருடம் வியன்னாவை விட்டுப் புறப்பட்டார். நெதர்லாந்தில் உற்றெக்ட் நகரில் டொண்டர்ஸ், ஸ்னெலன் என்ற பெரிய கண் மருத்துவர்களிடம் வேலை பழகினார். கண் பரிசோதனைக்குப் போனால் சுவரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்துமாகத் தொங்குகிற அட்டையை உண்டாக்கியவர்தான் இந்த ஸ்னெலன். 1888இல் கொல்லர் நியூயோர்க் போய்ச் சேர்ந்தார். புதிய நாடு, புதிய பாசை. 30 வயதில் திரும்பவும் முதலிலிருந்து. மவுண்ட் சைனாய் ஆஸ்பத்திரியில் கண் மருத்துவராக வேலை செய்து, கலியாணம் முடித்து, பிள்ளைகளை வளர்த்து, நல்ல டொக்டர் என்று பெயரெடுத்தார். 1922இல் அமெரிக்கக் கண் மருத்துவர் சங்கம் தன்னுடைய ஹவ் பதக்கத்தை முதன்முதலாக இவருக்குத்தான் கொடுத்தது. நோபல் பரிசுக்குப் பெயர் பிரேரிக்கப்பட்டும் கிடைக்கவில்லை.

1938இல் ஹிட்லரின் படை வியன்னாவுக்குள் வந்தபோது, 82 வயதுப் புரொய்ட்டும் இலண்டனுக்கு ஓடவேண்டி வந்தது. கொல்லர் அந்த ஊரை விட்டு அப்போது 53 வருடம். 1944 மார்ச்சில் நியூயோர்க்கில் அவர் காலமானார். கடிதங்களையும் குறிப்புகளையும் வைத்து மகள் 1963இல் எழுதிய கட்டுரையால்தான் அவருடைய கதை முழுதாக வெளியில் வந்தது.

கண்ணிலிருந்து காலுக்கு

கண்ணில் விட்ட துளி காலுக்கு எப்படி வந்தது? கண்ணும் வாயும் மருந்தை மேலாலேயே உறிஞ்சும். தோல் அப்படி விடாது. ஆகவே ஊசி தேவைப்பட்டது. கொல்லரின் செய்தி போன சில மாதங்களிலேயே நியூயோர்க்கில் ஹால்ஸ்ரெட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், நரம்பு போகிற வழியில் கொக்கேயினை ஊசியால் ஏற்றி, அதற்கு அப்பாலுள்ள பகுதி முழுவதையும் விறைக்கச் செய்தார். எஃப்ரெட்டிக்கோனில் தண்டவாளத்தை மறித்தால் வின்டர்தூரிலிருந்து சூரிச்சுக்கு நேரே போகிற ரயில் நிற்பது போலத்தான் இது. குதியில் நோவு இருக்கும், ஆனால் செய்தி மூளைக்குப் போய்ச் சேராது. நரம்பு செய்தி அனுப்புவது சோடியம் அணுக்கள் உள்ளே பாய்வதால். அவை நுழைகிற சிறு வாசல்களை மருந்து அடைத்துவிடுகிறது. இரத்தம் மருந்தைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கொண்டுபோக, வாசல் திறந்து உணர்வு திரும்பும். பாதத்துக்கு வருகிற நரம்புகள் ஐந்து. ஐந்தையும் கணுக்காலைச் சுற்றி மறித்தால், ஆளை மயக்காமலே பாதத்தில் சத்திரசிகிச்சை செய்யலாம். எனக்குக் குதி மட்டும் என்றபடியால் ஒரு நரம்பு போதுமாயிருந்தது.

கொக்கேயினுக்கு ஒரு கெட்ட முகமும் இருந்தது. தன்னிலேயே சோதித்துப் பார்த்த ஹால்ஸ்ரெட் அதற்கு அடிமையாகி, வாழ்நாள் முழுவதும் போதையோடு மல்லுக்கட்டினார். அளவு கூடி இறந்த நோயாளிகளும் உண்டு. ஆனபடியால் ஆபத்தில்லாத மாற்று மருந்தைத் தேடினார்கள். ஜேர்மனியில் ஐன்ஹோர்ன் உண்டாக்கிய நொவோகேயின் 1905இல் பாவனைக்கு வந்தது. சுவீடனில் லோஃப்கிறேன், லுண்ட்க்விஸ்ட் என்ற இருவர் 1943இல் லிடோகேயினை உண்டாக்கினார்கள். 1948 முதல் அது சைலோகேயின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. எங்களூர்ப் பல் டொக்டர்மாரும் பாவித்தது அதைத்தான்.

எங்கள் சுவிஸுக்கும் இதில் பங்குண்டு. கழலைச் சத்திரசிகிச்சைக்காக 1909இல் நோபல் பரிசு பெற்ற பேர்ண் நகரப் பேராசிரியர் கோஹர், கழுத்தில் வெட்டுவதற்குக் கொக்கேயின் விறைப்பைப் பாவித்தவர். என் குதிக்குள் போன இரண்டாவது ஊசியிலிருந்தது கோட்டிசோன் வகை மருந்து. அதைக் கண்டறிந்ததற்கு 1950இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் பாசல் பல்கலைக்கழகத்து றைக்ஸ்ரைன். அவரும் யூதர்தான். 1897இல் போலந்தில் பிறந்து, பிள்ளையாக சூரிச்சுக்கு வந்து, சுவிஸ் பிரஜையாகி, 1996இல் சுவிஸ் தேசிய தினமான ஓகஸ்ட் 1ஆம் திகதியன்றே பாசலில் காலமானார்.

எம்மவருக்குச் சில வார்த்தை

ஊசியைப் புகழ்ந்துவிட்டேன் என்று எல்லோரும் டொக்டரிடம் ஓடி ஊசி கேட்கவேண்டாம். விறைப்பு மருந்து சில மணித்தியாலம். கோட்டிசோன் சில கிழமை, சிலருக்குச் சில மாதம். அது நோவைக் குறைக்குமே தவிர நைந்த சவ்வைப் புதிதாக்காது. திருப்பித் திருப்பிப் போட்டால் சவ்வு அறுந்துபோகவும், குதியின் கொழுப்பு மெத்தை கரையவும் கூடும். பின்னங்காலின் பெரிய நாணுக்குள் அதை ஏற்றவே கூடாது, அறுந்துவிடும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் இரத்தத்தில் சீனி ஏறும், முதலே டொக்டரிடம் சொல்லுங்கள். ஊசி எதுவும் போடாமலே கால் விறைத்துப்போன சீனி வருத்தக்காரர் எங்களுக்குள் பலர் இருக்கிறார்கள். அது சுகமல்ல, ஆபத்து. கல்லுக் குத்தினாலும் தெரியாது, புண் வந்தாலும் தெரியாது. ஒவ்வொரு இரவும் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய ஏலாதவர்கள் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்குப் போட்ட ஊசி இரண்டு மாதம் தந்தது. அந்த இரண்டு மாதத்தில்தான் பயிற்சியை ஒழுங்காகப் பழகினேன், வேலை நேரத்தையும் குறைத்தேன். இப்ப காலமை எழும்பி நடக்கிறேன்.

இந்தக் கதையைச் சிநேகிதர் ஒருவருக்குச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, கொல்லர் அந்த அடியை அடிக்காமல் விழுங்கியிருந்தால் வியன்னாவிலேயே பெரிய பேராசிரியராகியிருப்பார், விசரன் என்றார். நான் பேசாமல் இருந்துவிட்டேன். ஏனென்றால் நான் விழுங்கினவன். வந்த புதிதில் ஒரு சமையலறையில், எல்லோருக்கும் முன்னால், என் நிறத்தைச் சொல்லி ஒருவர் ஏசினார். ஊரில் கடன், கையில் நிரந்தரமில்லாத விசா. பானையைக் கழுவிக்கொண்டு நின்றேன். அதனால் வேலை நிலைத்தது, பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் இத்தனை வருடம் போயும் அந்தச் சொல் மட்டும் மறக்கவில்லை. அதற்கு ஒரு டொக்டரிடமும் விறைப்பூசி இல்லை.

அடித்தது சரியா, விழுங்கினது சரியா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. கொல்லர் ஒரு பதவியை இழந்தார், ஒரு ஊரை இழந்தார். ஆனால் போன இடத்தில் அவர் வேலையை விடவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகளுக்கு இன்று மூன்றாவது வழியும் உண்டு. 1995 ஜனவரி முதல் இந்த நாட்டில் பகிரங்கமாக இனத்தைச் சொல்லி ஒருவரை இழிவுபடுத்துவது தண்டனைக்குரிய குற்றம். அவர்களுக்குப் பாசை தெரியும், சட்டம் தெரியும். அடிக்கவும் வேண்டாம், விழுங்கவும் வேண்டாம், எழுதிக் கொடுக்கலாம்.

இனி ஆராவது பல்லுக்கோ கண்ணுக்கோ காலுக்கோ விறைப்பு மருந்து போட்டுக்கொள்ளும்போது, ரயில் காசில்லாமல் வியன்னாவில் நின்றுவிட்ட அந்த 26 வயதுப் பெடியனை ஒருக்கால் நினைத்துக்கொள்ளுங்கள்.

பிறக்கும் சித்திரைப் புத்தாண்டில் எல்லோருக்கும் நோயில்லாத உடம்பும், நோகாத கால்களும் அமைய வேண்டுகிறேன்.